சபாஷைக் கூட்டித் தள்ளிய வாரியல்

விளம்பரங்கள் எப்படிப் பெருத்துப்போயிருந்தன என்று நான் சொன்னால், ஆள் புளுகுகிறான் என்பீர்கள். புளுகத்தான் செய்கிறேன். ஆனால் பாதிதான்.

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் ஒரு மழை பெய்தது. ஒவ்வொரு துளியிலும் ஒரு குடைக் கம்பெனியின் பெயர் எழுதியிருந்தது. மழை என்னவோ சுத்தமான மழைதான். எழுத்து எங்கள் கண்ணாடியில். பார்வை நன்றாக இருக்கிறவர்கள்கூட இப்போது கண்ணாடி போட்டுக்கொள்கிறார்களே, அந்தக் கண்ணாடி. அதோடு காதுக்கு ஒரு பொத்தான். பார்ப்பது, கேட்பது எல்லாம் இவை இரண்டின் வழியாகத்தான் வந்தாக வேண்டும். சாம்பாருக்குள் கரண்டியை விட்டால் ஒரு பருப்பு மில் கூவும். கொட்டாவி விட்டால் மெத்தைக்கடைக்காரன் வாய்க்குள் எட்டிப் பார்ப்பான். நான் காலையில் பல் தேய்த்து முடிப்பதற்குள், என்னைக் கட்டிக்கொள்ள மூன்று பெண்கள் தயாராக இருப்பதையும், என் சமாதிக்குப் பளிங்குக்கல் தள்ளுபடியில் கிடைப்பதையும் தெரிந்துகொண்டுவிடுவேன்.

அப்போதுதான் நாகர்கோவிலில் ஜெனிஃபா ரோஸ் என்ற பெண் ஒரு நிரலை எழுதி இலவசமாக வெளியிட்டாள். பெயர் 'வாரியல்'. எங்கள் பக்கம் துடைப்பத்துக்கு அதுதான் பெயர். கண்ணாடியில் அதை ஏற்றிக்கொண்டால் விளம்பரம் எல்லாவற்றையும் கூட்டித் தள்ளிவிடும். அதைப் போட்டுக்கொண்டு முதல் நாள் வெளியே வந்தபோதுதான் எங்கள் தெருமுனையில் ஒரு வேப்பமரம் நிற்பதே எனக்குத் தெரிந்தது. அது என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அங்கே நிற்கிறதாம்.

ஊரே வாரியலைக் கொண்டாடியது, ஆவுடையைத் தவிர.

ஆவுடை பாளையங்கோட்டையில் பிசியோதெரபிஸ்ட். நாற்பது வயது. பக்கவாதம் வந்து விழுந்தவர்களைப் பிடித்து நிறுத்தி நடக்கவைப்பது அவள் தொழில். என் இடது பக்கத்தை எனக்கே திருப்பிக் கொடுத்தவள் அவள்தான். முப்பது வருஷம் மின்வாரியத்தில் கம்பங்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, ஓய்வுபெற்ற மறுமாதமே நான் வெட்டிய வாழை மாதிரிச் சாய்ந்தேன். அவள் என்னை நிமிர்த்திவிட்டு, அதற்குப் பதிலாகத் தன் இணையதளத்துக்கு என்னை மட்டுறுத்துநராக்கிக்கொண்டாள். சண்டை போடுகிறவர்களை விலக்கிவிடும் சம்பளமில்லாத உத்தியோகம்.

தளத்தின் பெயர் 'ரெண்டடி'. பக்கவாதம் வந்தவர்களுக்கானது. கோவில்பட்டியிலிருந்து கோலாலம்பூர் வரை ஆட்கள். காலையில் காப்பி குடித்ததும் ஒவ்வொருவரும் தான் நடந்ததைப் படம் பிடித்துப் போடுவார்கள். ரெண்டே அடிதான் நடந்திருப்பார்கள். மற்றவர்கள் எல்லாரும் கூடி "சபாஷ்" என்று கத்துவார்கள். அவ்வளவுதான் தளம்.

"இது சும்மா மரியாதைக்குச் சொல்லுததுன்னு நினைச்சிராதீங்க மாமா" என்பாள் ஆவுடை. "மூளைல பழைய ரோடு இடிஞ்சு போச்சு. பக்கத்துல புதுசா ஒரு ஒத்தையடிப் பாதை போடணும். ஒரு அடி வச்ச உடனே ஒருத்தர் கைதட்டுனா அந்தப் பாதை கெட்டியாவும். கைதட்டு இல்லேன்னா புல்லு மொளச்சு மூடிரும். அதுவும் முதல் வருசத்துக்குள்ள போட்டாத்தான் உண்டு. அதுக்கப்புறம் நான் தலைகீழா நின்னாலும் நடக்காது."

இத்தனை பேரின் நடையையும் சேமித்து வைக்க இடம் வேண்டும். இடத்துக்கு வாடகை உண்டு. அந்த வாடகையைத் தளத்தின் ஓரத்தில் ஓடும் விளம்பரங்கள் கொடுத்துக்கொண்டிருந்தன. எல்லாரும் வாரியலோடு வர ஆரம்பித்ததும் விளம்பரத்தைப் பார்க்க ஆளில்லை. பார்க்க ஆளில்லாத விளம்பரத்துக்கு எவன் காசு கொடுப்பான்?

ஆவுடை முதலில் பணிவாக ஓர் அறிவிப்புப் போட்டாள். "அன்பு உறுப்பினர்களே, இந்த ஒரு தளத்துக்குள் வரும்போது மட்டும் வாரியலைக் கொஞ்சம் ஓரமாகச் சாத்தி வைக்க முடியுமா?" தளமே உருகிவிட்டது. ஒருவர் அவள் பெயரில் கோவிலில் அர்ச்சனை செய்தார். இன்னொருவர் பதினாறு அடியில் ஒரு கவிதை எழுதினார். வாரியலை மட்டும் ஒருவரும் கீழே வைக்கவில்லை.

அடுத்து, வாரியலோடு வந்தால் கதவு திறக்காது என்று தடுப்பு போட்டாள். பெரிய தளங்கள் எல்லாம் அப்படித்தான் செய்கின்றன. ஆனால் அதில் ஒரு சங்கடம். வாரியலை நிறுத்த வேண்டுமென்றால் கண்ணாடியின் இரண்டு காம்பையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்க வேண்டும். எங்கள் உறுப்பினர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேலை செய்வது ஒரு கைதான்! விடிந்ததும் பார்த்தால், இரண்டு நாட்டு நோயாளிகளும் வாசலுக்கு வெளியே நின்று கத்துகிறார்கள். ஒருவர் காம்பைப் பல்லால் கடித்து அமுக்கப் பார்த்துப் பல்செட்டை உடைத்துக்கொண்டார். தச்சநல்லூரிலிருந்து செல்லக்கனி என்ற அம்மாள் போன் போட்டாள்.

"ஏம்மா ஆவுடை, இவ்வொ காலைலருந்து உள்ள போவணும் உள்ள போவணும்னு கெடந்து தவிக்காவ. கோவில் நடையச் சாத்துன மாதிரி சாத்திட்டியே, இது நியாயமா?"

'இவ்வொ' என்றது அவள் புருஷன் பலவேசத்தை. பைபாஸ் ரோட்டுக் கடையில் பரோட்டா மாஸ்டராக இருந்தவர். பலவேசம் மாவை வீசினால் அது மேகத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வரும். மழைக்காலத்தில் கொஞ்சம் ஈரமாகவே வரும். சாப்பிடுகிறவன் முதல் வாயை மெல்லும்போது கல்லுக்குப் பின்னாலிருந்து அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். "மாஸ்டர், பிரமாதம்!" என்று ஒருவன் சொன்னால் போதும், அன்று ராத்திரிச் சாப்பாடு வேண்டாம் அவருக்கு. அப்படிப்பட்ட மனுஷன் அடுப்பு முன்னாலேயே விழுந்து, வலது பக்கம் போய், எட்டு மாதமாகக் கட்டிலில் கிடந்தார். எங்கள் தளத்து சபாஷைக் குடித்துத்தான் தடியை ஊன்றி எழுந்து நிற்கவே தொடங்கியிருந்தார்.

ஆவுடை அன்றைக்கே தடுப்பை எடுத்துவிட்டாள்.

இந்த நேரம் பார்த்துத்தான் பிரணவ் வந்தான். சென்னையில் விளம்பரக் கம்பெனி. கையில் ஒரு கேக் பெட்டி.

"மேடம், சிம்பிள்" என்றான். "வாரியல் எதைத் தேடுது? விளம்பரத்தை. மனுஷங்க பேசுறதை அது தொடறதில்லை. உங்க ஆளுங்க ஒருத்தரை ஒருத்தர் பாராட்டிக்கிறாங்கல்ல? அதுக்குள்ள எங்க கம்பெனி பேரை ஒரு சிட்டிகை தூவிடுவோம். அவங்க குரல், அவங்க ஸ்டைல். எழுதினவருக்கே வித்தியாசம் தெரியாது."

"அவங்க சொல்லாததை அவங்க சொன்ன மாதிரி போடுவியளா?"

"சொன்னது அப்படியே இருக்கும் மேடம். எக்ஸ்ட்ராவா ஒரு வாழ்த்து, அவ்வளவுதான். அன்பைப் போய் யாராவது ப்ளாக் பண்ணுவாங்களா? சொல்லுங்க அங்கிள்!"

அங்கிள் என்றது என்னை. எனக்கு அவனைப் பிடிக்கவில்லை, கேக் பிடித்திருந்தது. வாய் நிறைய இருந்ததால் பதில் சொல்லவில்லை.

ஆவுடை ஜன்னலைப் பார்த்தபடி நின்றாள். அந்த வாரம் வாடகை கட்டாவிட்டால் அத்தனை பேரின் முதல் அடிகளும் அழிக்கப்பட்டுவிடும். "செத்துப்போனவங்க நடந்ததும் அதுல இருக்கு மாமா. அவங்க வீட்டு ஆளுக இப்பவும் வந்து பாக்காங்க" என்றாள். அப்புறம் பிரணவ் நீட்டிய ஒப்பந்தத்தில் கைரேகை வைத்தாள்.

இரண்டாம் நாள் தூத்துக்குடி டீச்சர் ஒருத்தி மாடிப்படி ஏறியதைப் போட்டிருந்தாள். "அருமை டீச்சர், மான் மாதிரி ஏறுகிறீர்கள்!" என்றேன் நான். டீச்சரிடம் போய்ச் சேர்ந்தது இப்படி: "அருமை டீச்சர், மான் மாதிரி ஏறுகிறீர்கள்! சஞ்சீவிக்குன்று மூட்டுத் தைலம் தேய்த்தால் மலையே ஏறலாம்!" என் குரல், என் இருமல் உட்பட. டீச்சர் என்னை நம்பி ஆறு புட்டி வாங்கித் தேய்த்துக்கொண்டு, "சார், முழங்கால் அரிக்குதே, அப்படித்தான் இருக்குமா?" என்று எனக்குப் போன் செய்தாள்.

வாரியல் ஒரு வாரம் ஏமாந்தது. அப்புறம் விழித்துக்கொண்டது. அது தானாகக் கற்றுக்கொள்கிற ஜாதி. பாராட்டுக்குள் விளம்பரம் ஒளிந்து வருகிறது என்று கண்டதும், பாராட்டையே கூட்டித் தள்ள ஆரம்பித்தது. அருமை, பிரமாதம், சபாஷ், பலே... எல்லாம் குப்பைக்கூடைக்குள். எழுத்தில் மட்டுமா? காதுப் பொத்தான் வழியாக வரும் பேச்சிலும்.

உலகத்தில் யாருக்கும் இது உடனே தெரியவில்லை. பாராட்டு வராததை யார் கண்டுபிடிப்பார்கள்? மருமகள்கள் 'மாமியார் வழக்கம்போலத்தான் இருக்கிறாள்' என்று நினைத்தார்கள். ஆபீஸ்களில் வித்தியாசமே தெரியவில்லை.

அந்த வாரத்தில்தான் பலவேசம் நடந்தார். தடி இல்லாமல், செல்லக்கனியின் தோள் இல்லாமல், கட்டிலிலிருந்து வாசல்நடை வரை. படத்தைப் பார்த்து நான் எழுந்து நின்றுவிட்டேன். மட்டுறுத்துநரின் திரையில் வாரியல் கிடையாது. எனக்கு எல்லாம் தெரியும். கோலாலம்பூர்க்காரர் விசில் அடித்தார். டீச்சர் அரிப்பை மறந்து கைதட்டினாள். சபாஷ் என்றால் அப்படி ஒரு சபாஷ், தாமிரபரணியில் வெள்ளம் வந்த மாதிரி. பலவேசம் பார்த்தது என்னவென்றால், தன் படம். அதற்குக் கீழே வெறும் வெள்ளை.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிறகு செல்லக்கனி அழுதபடி ஆவுடையைக் கூப்பிட்டாள். "கட்டில விட்டு எந்திக்கவே மாட்டேங்காவ. காலு மறுபடி வெறகுக்கட்ட மாதிரி ஆவுது."

நாங்கள் இருவரும் தச்சநல்லூருக்கு ஓடினோம்.

பலவேசம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாரும் ஓய் நாயகம்" என்றார் சுரத்தில்லாமல். என் முழுப்பெயர் கோமதிநாயகம். "எல்லாரும் நம்மளக் கைகழுவியாச்சு. கட்டில்லருந்து வாசல் வரைக்கும் போனேன் வே. ஒருத்தன் வாயத் தொறக்கல."

நான் சும்மா விடுவேனா? பக்கத்தில் உட்கார்ந்து ஆரம்பித்தேன். "ஓய், நீரு நடந்த நடைக்கு ராஜா ஊர்வலம் பிச்சை வாங்கணும். சூரியனே நின்னு பாத்துட்டுத்தான் மேக்க போச்சு. இப்படி ஒரு அடி பொதிகை மலைல வச்சிருந்தா குற்றாலத்துல இன்னொரு அருவி விழுந்திருக்கும்..." மூச்சு முட்டும்வரை பேசினேன். என் வாழ்நாளில் அவ்வளவு நன்றாக நான் புளுகியதே கிடையாது.

பலவேசம் என் முகத்தையே பார்த்தார். பிறகு கேட்டார்: "என்ன வே, கரையில கெடக்க மீன் மாதிரி சும்மா வாயத் தொறந்து தொறந்து மூடுதீரு? உமக்கும் திரும்ப வந்துட்டா?"

ஆவுடைக்கு விளங்கிவிட்டது.

"அண்ணாச்சி, நான் சொல்லுததக் கேளுங்க. எல்லாரும் உங்களப் பாராட்டித்தான் எழுதியிருக்காங்க. உங்க வாரியல் அதையெல்லாம் விளம்பரம்னு நெனச்சு அழிச்சிட்டு. நாயகம் மாமா இப்பப் பேசுனதும் உங்க காதுக்கு வரல."

இது அவர் காதில் விழுந்தது. இதில் பாராட்டு இல்லையே. அவர் சிரித்தார், ஒரு பக்கமாக.

"நல்லாருக்கு கதை. ஊரே கைதட்டுச்சாம், எனக்கு மட்டும் கேக்கலையாம். நோயாளின்னு ஆறுதல் சொல்லுதிய, தெரியாதா எனக்கு?"

"அப்ப வாரியல எடுத்துட்டுப் பாருங்களேன்."

"எடுக்கவா? எடுத்துத்தான போன மாசம் விழுந்தேன்! காலைத் தூக்கி வைக்கப் போறேன், தரையில டொப்புன்னு ஒருத்தன் வந்து செருப்பு வேணுமாங்கான். அவன் மேல இடிச்சிரக் கூடாதேன்னு விலகினேன். நெத்தில பாரு தழும்ப."

கண்ணாடியையே கழற்றிவிடலாமே என்பீர்கள். முடியாது. அடைப்பு வந்ததில் அவர் மூளை பாதி உலகத்தை மறந்துபோயிருந்தது. வலது பக்கம் தட்டில் இருக்கிற இட்லிகூடத் தெரியாது. கண்ணாடிதான் அந்தப் பாதியை இழுத்து நடுவில் வைக்கிறது. காதுப் பொத்தான்தான் பேச்சைப் பிரித்துச் சொல்கிறது. இரண்டையும் எடுத்தால் அவர் நடுக்கடலில் நிற்கிற ஆள்.

ஆவுடை முற்றத்துக்கு வந்து ஜெனிஃபா ரோஸுக்கே போன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டாள், நானும் கேட்டேன்.

"அக்கா, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருக்கு" என்றாள் ஜெனிஃபா. "ஆனா ஒண்ணு பறையட்டா? எனக்க அம்மைக்கு மறதி நோயாக்கும். விளம்பரத்துல வரப்பட்டவன் எல்லாம் எனக்க அண்ணன்மாருன்னு நெனச்சு, கேட்டதெல்லாம் எடுத்துக் குடுத்தா. வீட்டையும் குடுத்துருப்பா. அவளுக்காவத்தான் நான் வாரியல் செஞ்சேன்."

"உங்கள நான் குத்தம் சொல்லலம்மா. பாராட்டுக்குள்ள விளம்பரத்த வைக்க ஒத்துக்கிட்டது நான். இன்னைக்கே நிறுத்திருதேன். அப்ப சரியாயிருமா?"



"நீங்க நிறுத்துனா தீராது அக்கா. உங்க தளத்துல நல்லா ஓடுனதப் பாத்துட்டு அந்தக் கம்பெனி உலகம் முழுக்க அதையே வித்தாச்சு. இப்ப பள்ளிக்கூட ரிசல்ட்டுலயும் பாராட்டோட பவுடர் விளம்பரம் வருது. வாரியலுக்கு இனி எந்த சபாஷ் மேலயும் நம்பிக்கை வராது. அத அவுக்க எனக்கே வழி தெரியல்ல."

ஆவுடை அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டாள். "அண்ணாச்சிக்கு ஒரு வருசம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கு மாமா. பாதைய நானே அடச்சிட்டேன்."

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து ஒரு சத்தம். டம்ளர் உருண்டது. அதைத் தொடர்ந்து செல்லக்கனியின் குரல், அடுத்த தெரு நாய்கள் ஓடி ஒளியும்படி:

"ஏ சவத்து மூதி! பேதில போவான்! காப்பியத் தட்டியா விடுதிய? எட்டு மாசமா வாயக் கட்டிக்கிட்டு இருக்கேன், நோயாளிய வையக்கூடாதுன்னு டாக்டரு சொன்னாருன்னு! கட்டில்லருந்து வாசல் வரைக்கும் ஒருத்தர் தொணையில்லாம வெறச்சிக்கிட்டு நடக்கத் தெரிஞ்சிதுல்லா? நான் அடுப்படில நின்னு முந்தானய வாய்ல வச்சிக்கிட்டு அழுதேன்லா? இப்ப வந்து கோணிச் சாக்கு மாதிரி சுருண்டா கெடக்கிய, கூறுகெட்ட மனுசா!"

நாங்கள் உள்ளே ஓடினோம். பலவேசம் கட்டிலில் பாதி எழுந்து உட்கார்ந்திருந்தார். கண் தெறிக்கப் பார்த்தார்.

"என்ன சொன்ன?"

"சவத்து மூதின்னேன்!"

"அதில்லட்டி. அடுப்படில நின்னு அழுதியா?"

"அழாம? கல்லா நானு?"

"நான் நடந்ததப் பாத்தா?"

"நீரு கெட்ட கேட்டுக்கு நடை வேற!" என்று சொல்லிவிட்டு அவள் இப்போதும் அழுதாள்.

பலவேசம் வலது காலைக் கையால் தூக்கித் தரையில் வைத்தார். எழுந்தார். நின்றார். ஆவுடை என் கையைக் கிள்ளியதில் அந்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது.

நான் சொல்லவா உங்களுக்கு? எங்கள் ஊரில் பிள்ளை அழகாக இருந்தால் அழகு என்று எந்தத் தாயாவது சொல்வாளா? "கருவாட்டு மூஞ்சி" என்பாள். கண் பட்டுவிடுமே! உச்சிமுகர்வதற்கு முன்னால் ஒரு வசவு, பின்னால் ஒரு வசவு. பாசத்தை நாங்கள் எப்போதுமே வசவுக்குள் சுற்றித்தான் கொடுத்திருக்கிறோம். நாகர்கோவிலில் பிறந்த வாரியலுக்கு யாரும் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது வசவைப் பார்த்தால் 'இது விளம்பரமாக இருக்காது' என்று வழி விட்டுவிடும். எந்தக் கம்பெனி வாடிக்கையாளரைச் சவத்து மூதி என்று கூப்பிடும்?

அன்றைக்கே ஆவுடை பிரணவின் ஒப்பந்தத்தை முறித்தாள். தளத்தில் நான் அறிவித்தேன்: இனி யாரையும் பாராட்டக் கூடாது. வையலாம்.

முதல் இரண்டு நாள் கூச்சப்பட்டார்கள். அப்புறம் பாருங்கள்! டீச்சர், நாற்பது வருஷம் வகுப்பறையில் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அவிழ்த்துவிட்டாள். "அட எருமை, இவ்வளவு நேரா நிக்கத் தெரிஞ்சிட்டு இத்தனை நாள் கூன் போட்டியா?" என்று அவள் கேட்டால், வசவு வாங்கியவர் ஒரு சாண் வளர்வார். கோலாலம்பூர்க்காரர் மூன்று மொழியில் வைதார். புதுக்கோட்டை நகைக்கடைக்காரர் ஒருவர், வையத் தெரியாத குடும்பம், அண்டை வீட்டில் போய்க் கற்றுக்கொண்டு வந்தார். வைதவர்கள் வைய, நடந்தவர்கள் நடந்தார்கள். பலவேசத்துக்குத்தான் விருந்து. அவர் காலையில் வாசல் தாண்டினால் ஒரு ஜில்லாவே சேர்ந்து வையும். அத்தனையையும் படித்துவிட்டு, "இன்னைக்குக் கொஞ்சம் உப்புக் கம்மி" என்பார்.

பிரணவ் திரும்பி வந்தான். இந்தத் தடவை கேக் இல்லை, அல்வா.

"மேடம், ஜீனியஸ்! இனிமே நாங்களும் திட்டறோம். 'மூதேவி, இன்னுமா அந்தப் பழைய தைலம்?' இப்படி! உங்க ஒரு வருஷ வாடகை மொத்தமா நாங்க தர்றோம்."

நான் அல்வாவைத் தொடவில்லை. சத்தியமாக. கொஞ்சம்தான்.

ஆவுடை கேட்டாள்: "நீங்க வைய ஆரம்பிச்சா வாரியல் வசவையும் கூட்டித் தள்ளிருமே. அப்பறம் எங்க ஆளுக எதைச் சொல்லுவாங்க?"

"அது நடக்க ஒரு மாசமாவது ஆகும் மேடம்."

"அண்ணாச்சிக்கு அடுத்த மாசமும் கால் வேணுமே தம்பி."

"இல்லைன்னா சைட் மூடிடுமே?"

"மூடட்டும்."

அவன் போன பிறகு அவள் தளத்தில் எழுதினாள். பணிவாகத்தான் எழுதினாள்; அவளுக்கு வேறு மாதிரி எழுத வராது. மாத முடிவோடு 'ரெண்டடி' மூடப்படுகிறது. அவரவர் நடையை அவரவர் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இதுவரை துணையாக இருந்ததற்கு நன்றி.

மறுநாள் காலை கிளினிக் வராந்தாவில் நானும் அவளும் உட்கார்ந்திருந்தோம். சித்திரை வெயில். தெருவில் ஈரம் பொட்டு இல்லை. தெருக்கோடியில் ஆட்டோ நிற்கும் இடத்திலிருந்து ஓர் ஆள் நடந்து வந்துகொண்டிருந்தார். விசித்திரமான நடை. நாலு எட்டு வைப்பார்; வெறுந்தரையில் குட்டையைத் தாண்டுகிற மாதிரி காலை உயரத் தூக்கி வைப்பார். ஒதுங்குவார். நின்று யாரையோ முறைப்பார். பின்னால் பத்தடி தள்ளிச் செல்லக்கனி, கையை நீட்டத் தயாராக, ஆனால் நீட்டாமல்.

"மாமா" என்றாள் ஆவுடை. "அது அண்ணாச்சில்லா?"

பலவேசம்தான். வியர்வை ஊற்ற, கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன வே பாக்கீரு? தெரு முழுக்கக் கடன் தாரேங்கான், பொண்ணு தாரேங்கான், பல்லு கட்டித் தாரேங்கான். ஒரு இன்சூரன்சுக்காரன் வழி விடமாட்டேன்னுட்டான். நேரா அவன் மேலயே மிதிச்சிட்டு வந்துட்டேன்."

ஆவுடை எழுந்தாள். "வாரியல எடுத்துட்டியளா அண்ணாச்சி? விழுந்துருவியளே!"

"விழுந்தா எந்திக்கத் தெரியும்லா இப்ப? நீ கத்துக்குடுத்ததுதான." குரல் உயர்ந்தது. "ஏட்டி கூறுகெட்டவளே, கடைய மூடப்போறேன்னு எழுதியிருக்கியாமே! வாடகைக்கு விளம்பரத்தப் பாக்கணும்னா எங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்க மாட்டியா?"

"கேட்டேனே அண்ணாச்சி. அறிவிப்புப் போட்டேனே."

"எப்படிப் போட்ட? 'அன்பு உறுப்பினர்களே'ன்னு போட்ட. அன்பு உறுப்பினர்களேன்னு ஆரம்பிச்சா எவன்ட்டி படிப்பான்? அது விளம்பரம்லா! வைஞ்சி கேட்டிருக்கணும். நேத்து நான் எல்லாரையும் நாள் முழுக்க வைஞ்சேன். டீச்சர் எடுத்துட்டா. மலேசியாக்காரன் பொண்டாட்டியக் கூப்பிட்டு எடுத்துட்டான். நகைக்கடைக்காரரு யோசிக்காரு, நாளைக்கு இன்னும் கொஞ்சம் வையணும்."

கேட்டுக்கும் ஆட்டோ நின்ற இடத்துக்கும் இடையில் கிடந்த தெருவை ஆவுடை பார்த்தாள். அவ்வளவு தூரத்தையும், வழியில் மொய்த்த அத்தனை கடைக்காரர்களையும் தாண்டி, துணையில்லாமல் ஒரு மனுஷன் நடந்து வந்திருக்கிறார்.

"எம்புட்டு அழகா நடந்து வந்திய அண்ணாச்சி" என்றாள். "சபாஷ்."

வாரியல் இல்லாத காது. இத்தனை நாளைக்குப் பிறகு முதல் சபாஷ் நேராக உள்ளே போயிற்று. பலவேசம் நெற்றியைச் சுருக்கினார். அவளுடைய வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார், தலைக்கு மேலே பார்த்தார். மீதி வரட்டும் என்று காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"எந்தக் கம்பெனிட்டி?" என்றார்.

ஆவுடை ஒரு நிமிஷம் விழித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன்னைவிட மூத்தவர் ஒருவரை அவள் அதுவரை வைததே கிடையாது, வாய் கோணிக்கொண்டது.

"சவத்து மூதி அண்ணாச்சி" என்றாள், மரியாதையை விடாமல். "வெயில்ல நின்னு வாய் பாக்காம உள்ள வந்து தொலைங்க."

"அப்படிச் சொல்லு" என்றார் பலவேசம். சிரிப்பு இரண்டு பக்கமும் பரவ, காலைத் தூக்கிப் படியில் வைத்தார்.